அப்பாவோட கட்டிங் நோட்டும் ஆர்ட் புக்வால்டும்

#1 பழையபேப்பர்

கும்பகோணம் வீட்ட விக்கறதுக்கு முன்னாடி பரண காலி பண்ணினோம். பித்தளை அண்டா, அறுந்த ஊஞ்சல் சங்கிலி, இதுக்கெல்லாம் அடியில அப்பாவோட நீள கணக்கு நோட்டு ஒண்ணு. தொறந்தா ஒரு வரி கணக்கு இல்ல. பூரா இங்கிலீஷ் பேப்பர் கட்டிங், மைதா பசை காச்சி ஒட்டினது. கரப்பான் தின்னது போக ஒரு அறுபது தேறும், அதுல முக்கால்வாசி ஒரே ஆள் எழுதினது: ஆர்ட் புக்வால்ட்.

அப்பா ஆர்.எம்.எஸ்-ல, அதாவது ரயில்வே தபால்ல, கடுதாசி பிரிக்கற சார்ட்டர். நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்து, காபி குடிச்சுட்டு, லிஃப்கோ டிக்‌ஷனரிய மடியில வெச்சுக்கிட்டு இந்த ஆளப் படிப்பார். திடீர்னு தனியா குலுங்கிக் குலுங்கி சிரிப்பார். என்னப்பான்னு கேட்டா "அமெரிக்காக்காரன் அமெரிக்காவையே கேலி பண்றான்டா"ம்பார், அதுக்கு மேல விளக்க வராது.

நோட்டுல ஒரு கட்டிங் அமெரிக்காவோட தேங்க்ஸ்கிவிங் பண்டிகை பத்தினது. அடியில பென்சில்ல அப்பா எழுதி வெச்சிருக்கார்: "கிலோமீட்டர் எதற்கு? வைத்தாவிடம் கேட்கவும்." வைத்தா மாமாவும் போயாச்சு அப்பாவும் போயாச்சு, யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. அப்படியே இந்த மனுஷன் பத்தி தெரிஞ்சதையும் எழுதுங்க, எனக்கு அவர் பேரும் மூக்குக் கண்ணாடியும்தான் ஞாபகம் இருக்கு.

#2 சும்மாசொல்றேன்

அந்தக் கால இங்கிலீஷ் பேப்பர்ல சுருட்டு பிடிச்சுக்கிட்டு இருப்பாரே, அவரா? நேத்து நியூஸ வெச்சு காமெடி பண்றவங்க எழுத்தெல்லாம் அடுத்த வாரமே பஜ்ஜி மடிக்கப் போயிடும். அந்த மந்திரி யாரு, அந்த செனட்டர் யாருன்னு இப்ப ஒருத்தனுக்கும் தெரியாது. நோட்ட பத்திரமா வைங்க சார், ஆனா இலக்கியம் கிலக்கியம்னு யாரும் ஆரம்பிச்சுடாதீங்க.

#3 கலா_டீச்சர்

கிலோமீட்டருக்கு நான் பதில் சொல்றேன், முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் நடத்தினதுக்கு இதாவது உபயோகப்படட்டும்.

அந்தக் கட்டுரை 1950கள் ஆரம்பத்துல பாரிஸ்ல இருந்தப்ப எழுதினது. பிரெஞ்சுக்காரங்களுக்கு தேங்க்ஸ்கிவிங்னா என்னன்னு விளக்கற பாவனை. அதுல அமெரிக்க வரலாற்றுல வர்ற மைல்ஸ் ஸ்டாண்டிஷ்னு ஒரு கேப்டன் பேர அவர் பிரெஞ்சுல "மொழிபெயர்க்கறார்". மைல்ஸுன்னா மைல், பிரான்ஸ்ல ஏது மைல், அதனால கிலோமீட்டர். ஸ்டாண்டுன்னா நிக்கறது, அதுக்கு பிரெஞ்சுல தெபூ. ஆக அந்த ஆள் பேரு "கிலோமீட்டர் தெபூட்டிஷ்". நம்ம பொன்னுசாமிய ஒருத்தர் இங்கிலீஷ்ல "கோல்டு சார்"னு எழுதினா எப்படி இருக்கும், அந்த வகை. அவ்வளவுதான் ஜோக்கு. ஆனா மூஞ்சில ஒரு சிரிப்பு இல்லாம, பாடப்புத்தகம் மாதிரி எழுதிக்கிட்டே போவார், அதுதான் கொல்லும். அந்த ஒரு கட்டுரையை வருஷா வருஷம் தேங்க்ஸ்கிவிங்குக்கு திருப்பித் திருப்பிப் போட்டாங்க, பொங்கலுக்கு டிவில பட்டிமன்றம் வர்ற மாதிரி.

உங்க அப்பா நிறுத்திக் கேள்வி கேட்ட எடம் சரியான எடம்ங்க. அது புரியாம தாண்டிப் போறவங்கதான் ஜாஸ்தி.

#4 பழையபேப்பர்

டீச்சர், நன்றின்னு ஒரு வார்த்தைல முடிக்க மனசு வரல. அப்பா அந்த கிலோமீட்டர்ல எத்தன வருஷம் நின்னுக்கிட்டு இருந்தாரோ.

ஆமா, அமெரிக்காக்காரர் பாரிஸ்ல என்ன பண்ணினார்?

#5 வர்ஜீனியா_வாசு

நான் வாஷிங்டன் பக்கத்துல இருக்கறதால இந்தக் கதையில கொஞ்சம் தெரியும், வரிசையா சொல்லப் பாக்கறேன், வழி மாறினா மன்னிச்சுடுங்க.

பொறந்தது 1925, நியூயார்க். அப்பா திரைச்சீலை தைக்கற தொழில், மூணு அக்காவுக்கு அப்புறம் இவர். இவர் பொறந்த கொஞ்ச நாள்லயே அம்மாவுக்கு மனநிலை சரியில்லாம ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க. முப்பத்தஞ்சு வருஷம் அங்கயே. இவர் கடைசி வரைக்கும் போய்ப் பாக்கல. பெரியவன் ஆனப்புறம் பாத்திருக்கலாம், ஆனா நானா கற்பனை பண்ணி வெச்சிருந்த அம்மா போதும்னு இருந்துட்டேன்னு அவரே பின்னாடி எழுதினார். நான் படிச்சதுலயே அவரோட ரொம்ப சீரியஸான வரி அதுதான்.

அப்பாவால நாலு பிள்ளைகளையும் வெச்சுக் காப்பாத்த முடியல. அனாதை விடுதி, அப்புறம் வேற வேற வீடுகள்ல வளப்பு. ஆறோ ஏழோ வயசுல தனியா, ஒண்ணும் புரியாம இருந்தப்ப "இது நாறுது, நான் காமெடி எழுத்தாளனாப் போறேன்"னு முடிவு பண்ணினேன்னு சொல்லுவார். ஆளுங்கள சிரிக்க வெச்சா வேண்டிய அளவு அன்பு கெடைக்கும்ங்கறது அவர் கண்டுபிடிச்ச ஃபார்முலா.

பதினேழு வயசுல ஸ்கூல முடிக்காமயே ஓடி மரைன் படைல சேந்தார். வயசு பத்தாது, கார்டியன் கையெழுத்து வேணும், அதனால ஒரு குடிகாரருக்கு அரை பாட்டில் விஸ்கி வாங்கிக் குடுத்து அப்பா மாதிரி கையெழுத்து போட வெச்சார். ரெண்டாம் உலகப்போர்ல பசிபிக் தீவுகள். திரும்பி வந்து லாஸ் ஏஞ்சலஸ்ல யுனிவர்சிட்டி, ஸ்கூல் சர்டிஃபிகேட்டே இல்லாம! கண்டுபிடிச்சப்புறம், வகுப்புக்கு வரலாம் ஆனா டிகிரி கெடையாதுன்னுட்டாங்க. அதே யுனிவர்சிட்டி பல வருஷம் கழிச்சு கௌரவ டாக்டர் பட்டம் குடுத்துச்சு. 1940கள் கடைசில பாரிஸுக்கு ஒரு வழி டிக்கெட்.

பாரிஸ்ல நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் பேப்பரோட ஐரோப்பா பதிப்பு வந்துக்கிட்டிருந்துச்சு. அங்க 1949 ஜனவரில ராத்திரி நேர பாரிஸ் பத்தி, ஓட்டல் சாப்பாடு பத்தி பத்தி எழுதறேன்னு போனார் (ரெண்டு "பத்தி" வந்துடுச்சு, நீங்களே பிரிச்சுக்குங்க). சாப்பாடு பத்தி உனக்கு என்ன தகுதின்னு கேட்டதுக்கு மரைன் படைல சாப்பாட்ட ருசி பாக்கற வேலைல இருந்தேன்னு அடிச்சு விட்டாராம். வாரத்துக்கு 25 டாலர் சம்பளம்.

#6 நெல்லைக்காரன்

யாத்தாடி, குடிகாரன் கையெழுத்துல பட்டாளம், பொய்ச் சொல்லி காலேஜு, ருசி பாத்தேன்னு பேப்பர் வேலை. ஆளு நம்ம ஊரு ஆளுதாம்ல!

#7 டெட்லைன்தாசன்

இழைய நேத்துலேர்ந்து படிச்சுக்கிட்டு இருக்கேன், இப்ப கை அரிக்குது. நான் ஒரு தினசரியோட வாரக் கடைசிப் பக்கத்துல ஆறு வருஷம் நகைச்சுவைப் பத்தி எழுதினவன். எந்தப் பேப்பர்னு கேக்காதீங்க. வாரத்துக்கு ஒண்ணு, நானூத்தம்பது வார்த்தை, ஒண்ணுக்கு முந்நூறு ரூபா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குடுக்கணும். திங்கக்கிழமை ராத்திரி எனக்கு ஜுரம் வரும், என் பொண்டாட்டி அதுக்கு "பத்தி ஜுரம்"னே பேரு வெச்சிருந்தா.

புக்வால்ட் வாரத்துக்கு மூணு. பின்னாடி ரெண்டு ஆச்சு. இத அம்பது வருஷத்துக்கு மேல. எழுதிப் பாத்தவனுக்குத்தான் இந்த கணக்கோட வெயிட்டு தெரியும். சோகமா எழுத மூடு வரலன்னா கூட சோகமா எழுதிடலாம், சிரிப்பு அப்படி வராது.

என் சொந்த சோகம் ஒண்ணு. பக்கத்துல எடம் பத்தலன்னா டெஸ்க்ல கடைசி பாராவத்தான் வெட்டுவாங்க. செய்திக்கு அது சரி, செய்தியில முக்கியமானது மேல இருக்கும், அடியில இருக்கறது போனா ஒண்ணும் குடி முழுகாது. நகைச்சுவைப் பத்தில வெடி வெக்கறதே கடைசி வரில! நானூறு வார்த்தைக்கு திரி மட்டும் எரிஞ்சு, வெடிக்காம நிக்கும். படிச்சவங்க "என்ன சொல்ல வர்றீங்க தம்பி"ம்பாங்க. ஒரு தடவ கீழ ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வந்துடுச்சுன்னு மூணு வரி போச்சு. துக்க வீட்டுக்காரங்க கிட்ட சண்டைக்கா போக முடியும்.

#8 பழையபேப்பர்

தாசன் சார், சிரிச்சு முடிச்சுட்டு கேக்கறேன்: அவர் எப்படி எழுதினார்? ஃபார்முலா ஏதாவது இருக்கா? அப்பா கட்டிங்ல பாதி ரெண்டு பேர் பேசிக்கற மாதிரியே இருக்கு.

#9 டெட்லைன்தாசன்

கரெக்டா பிடிச்சீங்க. அரசாங்கத்துல ஒருத்தன் ஒரு அபத்தத்த சொல்லுவான். மத்த எழுத்தாளர்னா "இது அபத்தம்"னு திட்டுவாங்க. இவர் அத அப்படியே நம்பிடுவார். நம்பிட்டு, அந்தத் துறைல ஒரு கற்பனை அதிகாரிகிட்ட போய் அப்பாவியா கேள்வி கேப்பார். அந்த அதிகாரியும் ரொம்பப் பொறுமையா, ரொம்ப லாஜிக்கா பதில் சொல்லிக்கிட்டே போவான், கடைசில அந்த லாஜிக்கே அவன எங்க கொண்டுபோய் நிறுத்தணுமோ அங்க நிறுத்தும். இவர் எங்கயும் கோவப்படவே மாட்டார். நம்ம கிராமத்துல சில பெருசுங்க "அப்படியா சாமி? சரிங்க சாமி"ன்னே ஆளக் காலி பண்ணுவாங்கல்ல, அது.

பாரிஸ் காலத்துல இன்னொண்ணு இருக்கு, லூவர் மியூசியத்த ஆறு நிமிஷத்துக்குள்ள முடிக்கற அமெரிக்க டூரிஸ்ட் பத்தி. அந்தப் பெரிய மியூசியத்துல பாக்க வேண்டியது மூணே மூணு: மோனாலிசா, வீனஸ் சிலை, ரெக்கை வெச்ச வெற்றி தேவதை. மத்ததெல்லாம் வழியில இருக்கற தடங்கல். அத ஓட்டப்பந்தயம் மாதிரி, தரை வழுக்குதா, ஷூ சரியா, ரெக்கார்டு உடையுமான்னு ஸ்போர்ட்ஸ் பக்கம் எழுதற தோரணைல எழுதிட்டார். ஒரே நாள்ல ஒன்பது நவகிரகக் கோயிலும் பாக்கற வேன் டூர்ல போயிருக்கீங்களா? நான் போயிருக்கேன். சனீஸ்வரன் கோயில்ல டிரைவர் ஹாரன் அடிக்கறார், அர்ச்சகர் பாதி மந்திரத்துல தட்ட நீட்டறார்.

#10 வர்ஜீனியா_வாசு

தாசன் சொன்ன "நம்பிடுற" டெக்னிக்குக்கு பெரிய உதாரணம் 1957. பாரிஸ்ல நேட்டோ மாநாடு, அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் வர்றார். அவரோட பத்திரிகைச் செயலர் ஹேகர்ட்டி நிருபர்கள கூப்பிட்டு ஜனாதிபதியோட ஒவ்வொரு அசைவையும் பிரீஃப் பண்றார். இவர் அந்த மாதிரி ஒரு பிரஸ் மீட்ட கற்பனையா எழுதிட்டார்: ஜனாதிபதி எத்தன மணிக்குப் படுத்தார், காலைல என்ன சாப்பிட்டார், இப்படியே நிருபர்கள் நோண்டி நோண்டிக் கேக்கறாங்க. ஹேகர்ட்டிக்கு மூக்குக்கு மேல கோவம். "கலப்படமே இல்லாத சுத்த உளறல்"னு அறிக்கை விட்டார். புக்வால்ட் திருப்பி சொன்னது: அவர் சொல்றது தப்பு, நான் எழுதறது கலப்பட உளறல்.

#11 நெல்லைக்காரன்

நம்மூரு எண்ணெய்க்கட மொதலாளிகூட இத ஒத்துக்கிட மாட்டாரு, இவரு பேப்பர்லயே ஒத்துக்கிட்டாரு.

#12 சும்மாசொல்றேன்

எல்லாரும் பூச்செண்டு குடுத்தாச்சா? இப்ப என் கேள்வி. 1962ல வாஷிங்டனுக்குப் போனப்புறம் இவர் யாரோட மதிய சாப்பாடு சாப்பிட்டார்? வெள்ளை மாளிகை பக்கத்துல இருந்த பிரெஞ்சு ஓட்டல்ல இவருக்குன்னே ஒரு டேபிள், சுத்தி மந்திரி, செனட்டர், வக்கீல். கென்னடி குடும்பத்தோட நெருக்கம். யார கேலி பண்றாரோ அவன் கூடவே சூப் குடிக்கறதுக்கு பேரு நையாண்டியா? கேலி பண்ணப்பட்டவன் அந்தக் கட்டிங்க ஃபிரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டிக்கறான்னா அதுல குத்தல் எங்க இருக்கு?

#13 கலா_டீச்சர்

சும்மாசொல்றேன், பேருதான் சும்மா, கேள்வி சும்மா இல்ல. எனக்கும் இந்த சந்தேகம் உண்டு. அவர் கத்தி எப்பவுமே கொஞ்சம் மொக்கைதான். ரத்தம் வராது.

ஆனா ரெண்டு விஷயம் கணக்குல எடுத்துக்கணும். எஃப்.பி.ஐ தலைவர் எட்கர் ஹூவர்னா ஜனாதிபதிங்களே பயந்த காலம், 1960கள். இவர் ஒரு பத்தில ஹூவர்னு ஒரு ஆளே கெடையாது, அது ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை உருவாக்கின கற்பனைப் பாத்திரம்னு எழுதினார். வசை ஒரு வார்த்தை இல்ல. நான் நிஜமாவே இருக்கேன்னு ஒருத்தர் அறிக்கையா விட முடியும்? கத்தி மொக்கையா இருந்தாலும் வெச்ச எடம் பாருங்க.

ரெண்டாவது வாட்டர்கேட், எதிர்க்கட்சி ஆபீஸ்ல ஆள் புகுந்த விவகாரத்துல ஜனாதிபதி நிக்சன் மாட்டின ஊழல். நிக்சன் ஆதரவாளர்கள் பார்ட்டில யாராவது மடக்கினா சொல்றதுக்கு ரெடிமேட் பதில்னு ஒரு நீள லிஸ்ட் போட்டார். "எல்லாரும்தான பண்றாங்க"ன்னு தொடங்கி, எதிர்க்கட்சிக்காரன் பண்ணின பழைய தப்ப "அப்ப அதுக்கு என்ன சொல்றீங்க"ன்னு நடுநடுவுல திரும்பத் திரும்ப செருகி வெச்சிருப்பார். நம்ம ஃபேமிலி வாட்ஸப் குரூப்புல எந்தக் கட்சிப் பேச்சு வந்தாலும் என் கொழுந்தனார் அதே வரிசைல பதில் போடறார், அம்பது வருஷம் கழிச்சு, தமிழ்ல. பஜ்ஜி மடிக்கப் போகலையே அது?

#14 சும்மாசொல்றேன்

லிஸ்ட ஒத்துக்கறேன். சூப்ப ஒத்துக்க மாட்டேன்.

#15 டெட்லைன்தாசன்

சூப்புக்கு பின்னாடி ஒரு பொருளாதாரம் இருக்கு பாஸ். அங்க சிண்டிகேட்னு ஒரு ஏற்பாடு. ஒரே பத்திய ஏஜென்சி ஊர் ஊரா விக்கும். பெரிய பேப்பர் ஜாஸ்தி காசு, சின்ன ஊரு பேப்பர் கம்மி காசு. இவரு பத்தி உச்சத்துல ஐந்நூத்தம்பது பேப்பருக்கு மேல போச்சு, வெளிநாடும் சேத்து. அப்படித்தான் பழையபேப்பர் சார் அப்பா மடி வரைக்கும் வந்துச்சு. ஐந்நூறு ஊருக்கும் புரியணும், ஐந்நூறு ஆசிரியரும் வேண்டாம்னு தூக்கிப் போடாம இருக்கணும். அப்ப காரம் குறையத்தான் செய்யும், கல்யாண சமையல்ல ரசம் வெக்கற மாதிரி. குழந்தையும் சாப்பிடணும், சம்பந்தியும் சாப்பிடணும். நான் ஒரே ஒரு மாவட்டத்துக்கு எழுதினேன், ஒரே ஒரு கவுன்சிலர் ரோடு பத்தி எழுதினதுக்கே வீட்டு வாசல்ல ஜல்லிய கொட்டிட்டுப் போனாங்க. "ரோடு கேட்டீங்களே, இந்தாங்க"ன்னு. அவன் என்ன விட நல்ல நகைச்சுவையாளன், அத அப்பவே ஒத்துக்கிட்டேன்.

1982ல புலிட்சர் பரிசு வேற குடுத்தாங்க அவருக்கு, கருத்துப் பத்திங்கற பிரிவுல.

#16 நெல்லைக்காரன்

இவருதானெ அந்த சினிமாக் கம்பெனி மேல கேஸு போட்டது? எங்க வக்கீல் மாமா ஒருக்க சொன்னாரு.

#17 வர்ஜீனியா_வாசு

அவரேதான். எடி மர்ஃபி நடிச்சு 1988ல வந்த "கமிங் டு அமெரிக்கா". ஒரு ஆப்பிரிக்க ராஜா அமெரிக்கா வர்ற கதைச் சுருக்கத்த இவர் முன்னாடியே பாரமவுண்ட்டுக்கு குடுத்திருந்தார், அவங்க காசு குடுத்து ஒப்பந்தமும் போட்டு, அப்புறம் வேணாம்னு விட்டுட்டாங்க. கொஞ்ச வருஷத்துல படம் வருது, கதைன்னு வேற பேர் போடுது. இவரும் தயாரிப்பாளர் அலன் பெர்ன்ஹைமும் சேந்து கேஸ் போட்டாங்க, 1990ல ஜெயிச்சாங்க.

இனிமேதான் காமெடியே. ஒப்பந்தப்படி இவருக்கு நிகர லாபத்துல பங்கு. உலகம் பூரா கோடிக்கணக்குல டாலர் அள்ளின படத்துல நிகர லாபமே இல்லன்னு கம்பெனி கணக்கு காட்டுச்சு! அந்த செலவு இந்த செலவு, செலவுக்கு வட்டி, வட்டி மேல செலவு. கோர்ட்டு அந்தக் கணக்குமுறை நியாயமே இல்லன்னு சொல்லிடுச்சு, ஹாலிவுட் கணக்குப்பிள்ளைங்க வெளுத்துப் போனாங்க. 1992ல இவருக்கு 1,50,000 டாலர், பெர்ன்ஹைமுக்கு 7,50,000 டாலர்னு தீர்ப்பு. வக்கீல் செலவு அத விட ஜாஸ்தி. அவர் எழுதின எந்தப் பத்தியையும் விட இந்த கேஸ் நல்ல நையாண்டின்னு எனக்கு ஒரு அபிப்பிராயம்.

#18 மதுரை_மலர்

முதல் தடவ எழுதறேன். நான் டயாலிசிஸ் டெக்னீஷியன், பதினோரு வருஷ சர்வீஸ். எனக்கு இவர் எழுத்து தெரியாது, இவர் கேஸ் தெரியும். எங்க டிரெய்னிங்ல ஒரு டாக்டர் சொன்னார்.

2006 ஜனவரில கால்ல ரத்த ஓட்டம் போயி முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. கிட்னியும் போச்சு. கொஞ்ச நாள் டயாலிசிஸ் பண்ணிட்டு இது வேணாம்னு அவரே நிறுத்திட்டார். வயசு எண்பது. கடைசி நாளுக்கான ஹாஸ்பிஸ்ல சேத்தாங்க, ரெண்டு மூணு வாரம்னு கணக்கு. எல்லாரும் வந்து பாத்தாங்க, பிரெஞ்சு தூதர் வந்து விருது குடுத்தார். இவர் பாட்டுக்கு பிடிச்சதெல்லாம் சாப்பிட்டுக்கிட்டு ஜாலியா பேசிக்கிட்டு இருக்கார். ஒரு மாசம் ஆச்சு, ரெண்டு மாசம் ஆச்சு, சாகல. பாத்தா கிட்னி திரும்ப வேலை செய்யுது! ஜூலைல ஹாஸ்பிஸ விட்டே கெளம்பி கடலோரத் தீவுல இருந்த தன் வீட்டுக்குப் போயிட்டார். நடுவுல பத்தி எழுத ஆரம்பிச்சு, சாவு பத்தி ஒரு புத்தகமும் முடிச்சுட்டார்.

இத படிச்சுட்டு தயவுசெஞ்சு யாரும் டயாலிசிஸ நிறுத்தாதீங்க. திடீர்னு அடிபட்ட கிட்னி சில பேருக்கு மெதுவா திரும்பும். வருஷக்கணக்கா சர்க்கரைல, பிரஷர்ல சுருங்கிப் போன கிட்னி அப்படி வராது. எங்க யூனிட்ல அஞ்சாம் நம்பர் பெட்ல ஒரு தாத்தா இருந்தார், வாரம் மூணு தடவ, நாலு மணி நேரம். ஊசி குத்தறப்ப மட்டும் "பாப்பா, இந்த மெஷினு என் ரத்தத்த எடுத்து வேற யாருக்காச்சும் விக்கறதா கேள்விப்பட்டேன், எனக்கு கமிஷன் எவ்வளவு"ம்பார். பக்கத்து பெட்ல எல்லாம் சிரிப்பாங்க, குத்தறது தெரியாது. இவர் பத்தி படிக்கறப்ப அந்தத் தாத்தாதான் ஞாபகம்.

#19 கலா_டீச்சர்

மலர், அடிக்கடி எழுதும்மா.

இவ்வளவு சிரிக்க வெச்ச மனுஷன் 1963லயும் 1987லயும் கடுமையான மனச்சோர்வுல ஆஸ்பத்திரில இருந்தார்ங்கறதையும் சொல்லிடணும். மறைக்கல. அதே மாதிரி அவஸ்தைப்பட்ட எழுத்தாளர், டிவிக்கார நண்பர்களோட சேந்து மேடை மேடையா பேசினார். அந்தத் தலைமுறை ஆம்பளைங்க இதப்பத்தி வாயத் தொறந்தது சாதாரணமில்ல. எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருந்தார், வாயத் தொறக்காமயே போயிட்டார். அத இன்னொரு நாள் எழுதறேன்.

#20 வர்ஜீனியா_வாசு

2007 ஜனவரி 17ல போனார், 81 வயசு. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் சைட்ல ஒரு வீடியோ, முன்னாடியே எடுத்து வெச்சது. இவரே கேமராவ பாத்து சொல்றார்: "ஹாய், நான் ஆர்ட் புக்வால்ட். இப்பதான் செத்துப்போனேன்." ஆபீஸ்ல உக்காந்து பாத்துட்டு சத்தமா சிரிச்சுட்டேன், பக்கத்து சீட்டுக்காரர் என்னன்னு கேட்டார், ஒருத்தர் செத்துட்டார்னு சொன்னேன்.

கடைசிப் பத்தியும் ஹாஸ்பிஸ் போன வாக்கிலயே எழுதிக் குடுத்து, செத்தப்புறம் போடுங்கன்னு சொல்லி வெச்சிருந்தார்.

#21 டெட்லைன்தாசன்

பதினொரு மாசம் முன்னாடியே காப்பி குடுத்தவர்! எந்த டெஸ்க்கும் நம்பாது.

#22 சும்மாசொல்றேன்

சரி சரி. பழையபேப்பர் சார், அந்த நோட்ட ஸ்கேன் பண்ணிப் போடுங்க. சூப் விஷயத்துல நான் மாறல, ஆனா படிச்சுட்டு திட்டறேன்.

#23 பழையபேப்பர்

ஸ்கேன் பண்ணத்தான் நேத்து உக்காந்தேன். அந்த கிலோமீட்டர் கட்டிங் ஓரத்துல பசை விட்டுப் போயிருந்துச்சு, மெதுவா தூக்கிப் பாத்தா பின்பக்கம் பிரஷர் குக்கர் விளம்பரம், பழைய குக்கர் குடுத்தா புதுசுக்கு தள்ளுபடின்னு. கீழ கூப்பன், பாதி கட்டம் கட்டமா வெட்டியிருக்கு.

அம்மாகிட்ட காட்டினேன். எண்பத்திரெண்டு வயசு, கண்ணு சரியா தெரியாது, கிட்ட வெச்சுப் பாத்தாங்க. "இதானே! அந்தக் கூப்பன வெட்டி வெக்கலாம்னு கத்தரிய வெச்சுட்டு பால் பொங்குதேன்னு உள்ள போனேன், வந்து பாத்தா பேப்பரே இல்ல. காத்துல பறந்துடுச்சுன்னார் உங்கப்பா. கடைசில முழு வெல குடுத்துல்ல வாங்கினோம்."

அப்புறம் திருப்பி முன்பக்கத்த காட்டி, இது என்ன எழுதியிருக்குன்னு கேட்டாங்க. கிலோமீட்டர் ஜோக்க டீச்சர் சொன்ன மாதிரியே, கோல்டு சார் எல்லாம் சேத்து, விளக்கினேன்.

"இதுக்கா என் குக்கர்"னாங்க.